மாதுங்காவில் நான் பிள்ளை பிடித்த கதை

"கிஸ்கா பச்சா ஹை?" என்று ஹவல்தார் கேட்டார். யார் பிள்ளை இது?

மாதுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே, பூக்காரர்கள் வரிசை முடிகிற இடத்தில் அப்போது ஒரு சின்னப் போலீஸ் சௌக்கி இருந்தது. ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, மூலையில் ஒரு மண்பானை. பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். மேஜையின்மேல் பிள்ளை உட்கார்ந்திருந்தது. தவழ்ந்து முடித்து, பிடித்து நிற்கப் பழகுகிற வயசு. வாயை முழுசாகத் திறந்து அழுதுகொண்டிருந்தது.

பிள்ளை உருண்டு விழாமல் ஒரு மாமி பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் காய்கறிப் பை, அதிலிருந்து முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் கண் என்மேலேயே இருந்தது. வாசலில் கூட்டம். பம்பாயில் வேலையில்லாதவர்கள் இவ்வளவு பேர் உண்டு என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஹவல்தார் கேட்டது சுலபமான கேள்வி. பதில் எனக்குத் தெரியும். என் பிள்ளை. தமிழில் இரண்டு வார்த்தை, ஹிந்தியிலும் இரண்டு வார்த்தை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையை அதுவரை நான் எந்த பாஷையிலும் யாரிடமும் சொன்னதில்லை. வாய் வரவில்லை.

"கர் கா பச்சா, சாப்" என்றேன். வீட்டுப் பிள்ளை.

யார் வீட்டுப் பிள்ளை என்றார். அண்ணன் வீட்டுப் பிள்ளை என்றேன். பொய்யில்லை, வீடு அண்ணன் பேரில்தான் இருந்தது. ஹவல்தார் நாற்காலியை இழுத்துப் போட்டு, இனி அவசரமில்லை என்பது மாதிரி வசதியாக உட்கார்ந்தார்.

ஒரு கோலி, இரண்டு குடும்பம்

போன வாரம் தாராவி மழைக்காலத்தைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, செம்பூர் சிநேகிதர் ஒருவர் கேட்டார்: ஒரே கோலியில் இரண்டு குடும்பமா, எப்படி ஐயா இருந்தீர்கள்? கோலி என்றால் பம்பாயில் ஒற்றை அறை. எப்படி இருந்தோம் என்று இப்போது யோசித்தால் எனக்கும் தெரியவில்லை. இருந்தோம், அவ்வளவுதான். கீழே நானும் என் மனைவி சொர்ணமும். ஏணி வைத்து ஏறுகிற பரணில் அண்ணனும் மதினியும்.

அண்ணன் எனக்கு அண்ணன் மட்டுமில்லை. அப்பா போன பிறகு என்னை ரயிலேற்றிப் பம்பாய்க்குக் கொண்டுவந்தவர். தாராவி மெயின் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருந்தார். நான் கூடமாட நின்றேன். நல்ல உயரம், பெரிய மீசை, கழுத்தில் மப்ளர். மே மாச வெயிலில் தாராவியில் மப்ளர் சுற்றிக்கொண்டு நடமாடிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். பேச்சு குறைவு. கடையில் நாள் முழுக்க என்னிடம் அவர் பேசுவதெல்லாம் "அந்தப் பருப்ப எடு", "இந்தச் சாக்கத் தள்ளு" என்பதற்குள் அடங்கிவிடும். எனக்கு அவரிடம் பயம். மரியாதை என்று சொல்லலாம், ஆனால் பயம்தான்.

அண்ணனுக்கும் மதினிக்கும் கல்யாணமாகி ரொம்ப வருஷம். பிள்ளை கிடையாது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அக்கம்பக்கத்துக் கோலிகளில் அதைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தகப்பனோ மூத்த அண்ணனோ முன்னால் இருக்கையில் ஒருத்தன் தன் பிள்ளையைத் தூக்கக் கூடாது. கொஞ்சுவது பேச்சுக்கே இடமில்லை. பிள்ளை வீறிட்டு அழுதால், அடுத்தவன் பிள்ளை அழுகிற மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தூக்கினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. "வெக்கங்கெட்ட பய" என்பார்கள். அந்தக் காலத்தில் அது போதும்.

அண்ணன் இல்லாத நேரம் தூக்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். அண்ணன் இல்லாத நேரம் மதினி இருப்பாள். அவளும் மூத்தவள்தான். மதினி குழாயடிக்குப் போனால் எதிர்க் கோலிப் பொம்பிளைகள் இருப்பார்கள். பகலில் சாத்தின கதவு தாராவியில் எங்கே இருந்தது? ஒரு தடவை துணிந்து தூக்கினேன். "ஏ, இங்க பாருங்கட்டி, தூக்கிட்டு நிக்காரு" என்று எதிரிலிருந்து ஒரு குரல் வந்தது. சுடுபாத்திரத்தை இறக்குவதுபோலப் பிள்ளையைப் பாயில் இறக்கிவிட்டேன்.

தாதரில் வராதது

தலைப்பிரசவம் தாய் வீட்டில். சொர்ணம் ஏழாம் மாசமே ஊருக்குப் போய்விட்டாள். நான் இங்கே பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன்.

தந்தி கடைக்கு வந்தது. அண்ணன் பக்கத்து டைப்பிஸ்டிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். திரும்பி வந்து, "பொம்பளப் பிள்ளையாம். ரெண்டு பேரும் சௌக்கியமாம்" என்றார். நான் "சரிண்ணே" என்றேன். எனக்குப் பிள்ளை பிறந்த செய்தியில் எங்கள் இருவருக்கும் நடந்த உரையாடல் இவ்வளவுதான். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அண்ணன் கற்கண்டு கொடுத்தார். எனக்குத் தரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நானே டப்பாவைத் திறந்து ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

பிள்ளைக்கு எங்கள் அம்மா பெயரை வைத்தார்கள். மூத்த பொம்பளப் பிள்ளைக்கு அப்பனைப் பெற்றவள் பெயர், அது முறை. அதில் ஒரு சங்கடம் உண்டு. அம்மாவின் பெயரைச் சொல்லிப் பிள்ளையை எவன் கூப்பிடுவான்? "ஏ இங்க வா" என்று பெற்றவள் பெயரைச் சொல்லி அதட்ட முடியுமா? அதனால் வீட்டில் அது வெறும் பாப்பா. ரேஷன் கார்டைத் தவிர அந்தப் பெயர் எங்கேயும் வழங்கவில்லை.

சில மாசம் கழித்துச் சொர்ணம் பிள்ளையோடு வந்தாள். தாதர் ஸ்டேஷனுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். ரயில் நின்றதும் சொர்ணம் ஜன்னல் வழியாகவே பிள்ளையை நீட்டினாள். மதினி வாங்கிக்கொண்டாள். அண்ணன் இரண்டடி தள்ளி நின்று எஞ்சினைப் பார்த்தார். எனக்குப் பெட்டி கிடைத்தது.

மதினியின் தோளுக்கு மேலே பிள்ளையின் முகம் தெரிந்தது. நெற்றியில் ஒரு பொட்டு, கன்னத்தில் ஒரு பொட்டு. என்னைப் பார்த்தது. வெளியூர்க்காரன் வழி கேட்க வந்தால் பார்ப்போமே, அப்படி. நானும் பார்த்தேன். உள்ளே ஏதோ பொங்கும், தொண்டையை அடைக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. பெட்டி கனமாக இருந்தது, அது மட்டும் தெரிந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம். நமக்கு அது வரவே வராதோ. பிள்ளை மதினியின் இடுப்பிலேயே இருந்தது. மதினியைக் கண்டால் சிரித்தது, சொர்ணத்தைக் கண்டால் தாவியது, எதிர்க் கோலிக்காரிகளிடம்கூடப் போனது. என்னைக் கண்டால் உதடு பிதுங்கும். ராத்திரி ஒரு ஆள் இந்த வீட்டுக்கு வந்து சோறு தின்றுவிட்டுப் படுக்கிறான், யார் இவன் என்று அதற்கு எப்படித் தெரியும்? நான்தான் அப்பன் என்று அதற்குத் தெரிய வேண்டும். வேறு எந்த ஆசையும் அப்போது எனக்கு இல்லை.

அண்ணனும் பிள்ளையைத் தூக்குவதில்லை. அவருக்கு எந்தத் தடையும் கிடையாது, மூத்தவர் தாராளமாகத் தூக்கலாம். பிள்ளை தவழ்ந்து அவர் காலடிக்குப் போனாலும் காலை மடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். எனக்கு மனசு கசந்தது. தம்பி பிள்ளை என்றால் இவருக்கு அவ்வளவுதானா என்று சொர்ணத்திடம் சொன்னேன். அவள் என்னவோ சொல்ல வந்து, சொல்லாமல் கீரையை ஆய்ந்தாள்.

அம்மை குத்திய நாள்

ஒரு நாள் சொர்ணத்துக்குக் காய்ச்சல். மதினி கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் தவாக்கானாவில் பிள்ளைகளுக்கு அம்மை குத்துகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். தவாக்கானா என்றால் முனிசிபல் ஆஸ்பத்திரிதான், சின்னது. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே, "நீயே கொண்டுட்டுப் போயிட்டு வா" என்றார்.

மதினி பிள்ளையை என் கையில் வைத்தாள். நான் அரிசிப் பையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வேகமாக வெளியே வந்தேன். சந்து முனை தாண்டும்வரை தலை நிமிரவில்லை.

மெயின் ரோட்டுக்கு வந்த பிறகு ஒரு விஷயம் தெரிந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு ஓடுகிறவன் ஓடுகிறான், கைவண்டி தள்ளுகிறவன் தள்ளுகிறான். ஒருத்தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்பது பம்பாய்க்கு ஒரு சேதியே இல்லை. எங்கள் கோலியில் நாலு சுவருக்குள் கிடைக்காத தனிமை நட்ட நடு ரோட்டில் கிடைத்தது. நடையைக் குறைத்தேன். பிள்ளையின் தலையில் வசம்பு வாசனையும் விளக்கெண்ணெய் வாசனையும் கலந்து அடித்தன.

ஊசி குத்தியபோது பிள்ளை ஒரு கணம் மூச்சை நிறுத்தியது. பிறகு கத்தியது. கத்திக்கொண்டே சுற்றுமுற்றும் தேடியது. மதினி இல்லை, சொர்ணம் இல்லை. வேறு வழியில்லாமல் என் சட்டைப் பொத்தானை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதது.

தாதரில் வராதது அப்போது வந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மராட்டிக்காரி, பிள்ளைக்கு ஊசி போட்டால் அப்பன் அழுகிறான் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

இல்லாத இருமல்

அதற்குப் பிறகு பிள்ளைக்கு உடம்பு அடிக்கடி சுகமில்லாமல் போக ஆரம்பித்தது.

"பிள்ளை இருமுதே" என்பேன். சொர்ணம் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். "ஆமா, இருமுது" என்பாள். பிள்ளை கல்குண்டு மாதிரி உட்கார்ந்து டப்பா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கும். மத்தியானம் கடை சாத்துகிற நேரத்தில் தவாக்கானாவுக்கு என்று கிளம்புவேன். இருமல் போய் மாந்தம் வந்தது. மாந்தம் போய் மறுபடியும் இருமல் வந்தது. கையில் இருந்த வியாதிகள் அவ்வளவுதான், மாற்றி மாற்றிப் போட்டேன்.

தவாக்கானா பக்கம் நாங்கள் தலைவைத்துப் படுக்கவில்லை. நேரே மாதுங்கா. தாராவியிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் அது வேறு ஊர். ஆபீஸ் உத்தியோகக் குடும்பங்கள், பில்டர் காப்பி வாசனை, மாடி வீடுகள். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் காரியமில்லாமல் வர மாட்டார்கள். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி நின்று பிள்ளைக்கு ரயில் காட்டுவேன்.

முதல் நாளே ஒரு அதிசயம் நடந்தது. கீழே தண்டவாளம் கடகடக்கும்போதே, ரயில் கண்ணில் படுமுன்பே, பிள்ளை அந்தத் திசையில் திரும்பிக் கையை ஆட்டியது. என் பிள்ளைக்கு அபார புத்தி என்று நினைத்தேன். என் சாயல் என்றும் நினைத்தேன். தனியாக இருக்கும்போது மனுஷன் என்னதான் நினைக்க மாட்டான்.

வீட்டில் இரண்டு மாற்றங்கள் வந்தன. மதினி அடிக்கடி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட ஆரம்பித்தாள். கண்ணேறு கழிக்கிறாளாம். அண்ணன் வழக்கத்தைவிட மௌனமானார். காலையில் பால் வாங்கப் போவது அவர் வேலை. திடீரென்று அதை மதினியிடம் விட்டுவிட்டு, விடிகாலையிலேயே என்னோடு கடைக்கு வந்து நின்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த நேரம் மட்டும்தான் கடையில் நான் ராஜா.

ஒரு நாள் காலை அவராகவே, "பிள்ளைக்கு இருமல் இன்னும் கேக்கலியாலே?" என்றார். "இல்லண்ணே." "மத்தியானம் டாக்டர் சரியாப் பாக்க மாட்டாரு போல. காலையிலேயே கொண்டுட்டுப் போ. கடைய நான் பாத்துக்கிடுதேன்."

கரும்பு தின்னக் கூலியா? அன்றைக்குக் காலையிலேயே மாதுங்கா போனேன். அங்கேதான் மாமியிடம் மாட்டினேன்.

ராணி

பாலத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். பிள்ளைக்குப் பல் முளைக்கிற நேரம், சிணுங்கிக்கொண்டு வந்தது. எதிரே காய்கறிப் பையோடு வந்த மாமி நின்றாள். பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடியும் பிள்ளையைப் பார்த்தாள்.

"ராணி" என்றாள்.

பிள்ளை சிணுங்கலை நிறுத்திவிட்டு அவளிடம் தாவியது.

"இந்தக் குழந்தை உன்கிட்ட எப்படி வந்தது?" என்றாள் மாமி. "இவ அப்பாவை எனக்கு நன்னாத் தெரியுமே. தினம் காலம்பற தூக்கிண்டு வருவார். ஒரு வாரமா ஆளைக் காணோம். நீ யாரு?"

இவள் பெயர் ராணி இல்லை என்றேன். அப்படியானால் என்ன பெயர் என்றாள். அம்மா பெயர் நாக்கில் நின்றது. வெளியே வர மறுத்தது. தெருவில் நின்று பெற்றவள் பெயரை ஒரு அந்நியப் பொம்பிளையிடம் சொல்வதா? மென்று விழுங்கி, "பேச்சியம்மாள்" என்றேன். அதற்குள் நேரமாகிவிட்டது. குழந்தையின் பெயரை யோசித்துச் சொல்கிறவனை யார் நம்புவார்கள்? மாமி ஒரு சத்தம் போட்டாள். பூக்காரர்கள் எழுந்தார்கள். "பச்சா சோர்" என்று எவனோ சொன்னான். பிள்ளை பிடிக்கிறவன். நாலு பேர் என் கையைப் பிடித்தார்கள். பிள்ளை மிரண்டு அழ ஆரம்பித்தது. இப்படித்தான் சௌக்கி பெஞ்சுக்கு வந்து சேர்ந்தேன்.

என் கடை எது என்று ஹவல்தார் கேட்டார். சொன்னேன். தாராவி அண்ணாச்சி கடைதானே, எனக்குத் தெரியும் என்று ஒரு வாழைப்பழ வண்டிக்காரர் கிளம்பினார். அவர் வரும்வரை மாமி ஹவல்தாரிடம் பிள்ளையின் அப்பாவை வர்ணித்தாள். ஹிந்தி போதாமல் தமிழுக்கு வந்துவிட்டாள்.

"நல்ல உயரம். பெரிய மீசை. கழுத்துல எப்பவும் மப்ளர். ஒரு கையில பால் பாத்திரம், ஒரு கையில குழந்தை. பாலத்து மேல நிப்பார். ரயில் வரதுக்கு முன்னாடியே 'ராணி, அந்தா வருது பாரு, அந்தா வருது பாரு'ம்பார். குழந்தை கையை ஆட்டும். பார்க்கவே அவ்வளவு அழகா இருக்கும்."

பிள்ளையின் அபார புத்தி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துபோயிற்று.

எனக்கு முதலில் வந்தது கோபம். பொய் சொல்வானேன், வயிறு எரிந்தது. என் பிள்ளையை என் பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு வந்திருக்கிறது. நான் ரேஷன் கார்டில் ஒளித்து வைத்த பெயரை விட்டுவிட்டு, ராணி என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறார். அதற்கு அது திரும்பியும் பார்க்கிறது.

சௌக்கிச் சுவர்

அண்ணன் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். காலில் செருப்பில்லை. ஒரு கையில் மப்ளர் நுனியைப் பிடித்திருந்தார். கூட்டம் விலகியது. என்னைப் பார்க்கவேயில்லை. மேஜையைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்னலே? டாக்டர் என்ன சொன்னாரு?"

பழ வண்டிக்காரர் "பிள்ளை, போலீஸ்" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். பிள்ளை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே அவ்வளவு தூரமும் ஓடி வந்திருக்கிறார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஒண்ணுமில்லண்ணே. நல்லா இருக்கு."

"இருமலு?"

"இருமல் இல்லண்ணே. எப்பவுமே இல்ல. நான்தான் சும்மா சொன்னேன்."

"ஒரு நாளுங்கூட இல்லையா?"

"இல்லண்ணே."

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மப்ளரைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் தூக்கினதாலதான் பிள்ளைக்குச் சீக்கு வருதுன்னு நெனச்சேன். என் கண்ணு பட்டுட்டுன்னு நெனச்சேன். அதான் விட்டுட்டேன்."

மாமிக்குத் தமிழ் புரியும் அல்லவா. அவள் கையிலிருந்த பை கீழே இறங்கியது. "அப்போ நீங்க இவ அப்பா இல்லையா?" என்றாள்.

"இல்லம்மா. பெரியப்பா. நீங்க ஒருநாள் அப்பாவான்னு கேட்டிய. இல்லைன்னு சொல்லியிருக்கணும். சொல்லல."

பிறகு ஹவல்தாரிடம் திரும்பி, என்னைக் காட்டி, "இஸ்கா பச்சி, சாப். மை படா பாய்" என்றார். இவன் பிள்ளை. நான் மூத்தவன்.

ஹவல்தாருக்கு அது போதும். டீ குடிக்கிற நேரம் வேறு. சரி, பிள்ளையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று கையை ஆட்டினார்.

யாரும் எடுக்கவில்லை. அண்ணன் முன்னால் நான் எப்படித் தூக்குவேன்? எல்லாம் வெளியே வந்த பிறகு பெற்றவன் முன்னால் அவர் எப்படித் தூக்குவார்? நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளை மேஜைமேல் உட்கார்ந்து இருவரையும் பார்த்து அழுதது. ஹவல்தாரின் முகத்தில் மறுபடியும் சந்தேகம் வந்தது. இரண்டு பேர் வந்து எங்கள் பிள்ளை என்கிறார்கள், இரண்டு பேரும் தொட மாட்டேன் என்கிறார்கள். இது என்ன புதுவகைக் கும்பல் என்று யோசித்திருப்பார்.

"தூக்குலே" என்றார் அண்ணன்.

"நீங்க நிக்கிறியளே."

அண்ணன் என்னைப் பார்த்தார். என் முகத்தை அவர் நேராகப் பார்த்தது எத்தனை வருஷத்துக்குப் பிறகோ. பிறகு மெதுவாகத் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். காணாமல்போனவர்களின் படங்கள் அந்தச் சுவரில் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்க்கிறவர்போல நின்றார்.

"நான் பாக்கல. தூக்கு."

தூக்கினேன். ஊசி போட்ட அன்றைக்கு மாதிரி பொத்தானைப் பிடிக்கும் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை. அழுகையும் நிற்கவில்லை. அண்ணன் முன்னே நடந்தார், நான் பின்னே நடந்தேன். அவர் முதுகில் தொங்கிய மப்ளர் நுனியைப் பிள்ளை எட்டிப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிறகு அழுகை நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, நடையை மட்டும் குறைத்துக்கொண்டார். தாராவி வரும்வரை அப்படியே வந்தோம்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மதினி அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அதில் எவ்வளவு சிரிப்பு என்று எனக்குத் தெரியாது. சொர்ணத்துக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும். அவள் அத்தான் என்று கூப்பிடுகிற அண்ணனிடம் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொடுத்ததே அவள்தான்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அத்தான் சொல்லாதன்னாவ. நீங்களும் அத்தான்கிட்ட சொல்லாதன்னிய. நான் யார்கிட்ட சொல்ல?"

காலண்டர்

அதற்குப் பிறகு எங்கள் கோலியில் புதிதாக ஒரு வழக்கம் வந்தது. நான் வேலை முடிந்து வந்து கைகால் கழுவினதும் அண்ணன் தொண்டையைச் செருமுவார். எழுந்துபோய்ச் சுவரில் மாட்டிய காலண்டருக்கு முன்னால் நின்று, தேதியைப் பார்ப்பார். ஒரு தேதியை அவ்வளவு நேரம் பார்க்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் நான் பிள்ளையைத் தூக்கிக்கொள்வேன். மதினியும் சொர்ணமும் எதையும் கவனிக்காத மாதிரி அரிசி பொறுக்குவார்கள்.

அந்தப் பிள்ளை இப்போது டோம்பிவிலியில் இருக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அதனால்தான் இதைத் தைரியமாக எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று சொன்னால் முடிந்துவிடும். காலண்டர் வழக்கம் வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அண்ணன் காலண்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பிள்ளை என் மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்துபோய், அவர் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றது. அவர் வழக்கம்போலக் காலை மடக்கவில்லை. கையைத் தூக்கவும் இல்லை. என்னைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். காலண்டருக்கு முன்னால் போய் நின்று தேதியைப் பார்த்தேன்.

பின்னால், ரொம்ப மெதுவாக, "ராணி" என்று கேட்டது. பிறகு பிள்ளை சிரித்தது. என்னிடம் அது அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. நான் திரும்பவில்லை.